சிலந்திப்பூவில் மூன்று தூர் குறைகிறது

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தையும் கை கால் சுகத்தோடு நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்றுதான் எழுத முடிகிறது, ஏனென்றால் நீ போனில் நல்லா இருக்கேம்மா என்று சொல்லும் வேகத்தைக் கேட்டால் அதற்குப் பின்னால் வேறு எதையோ ஒளித்துவைத்திருக்கிறாய் என்றே படுகிறது. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் உனக்கு இஷ்டமில்லாத பேச்சு வந்தால் சிக்னல் சரியில்லை என்கிறாய், அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்கிறாய். கடிதத்தை அப்படி நடுவில் வெட்டிவிட முடியாது. பாதியில் மடித்து வைத்தாலும் மீதி உள்ளேயேதான் இருக்கும், என்றைக்காவது பிரித்துத்தான் ஆகவேண்டும். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இதில் செடியைப் பற்றி நிறைய வரும், அம்மாவுக்குப் பொழுது போகவில்லை என்று நினைத்துத் தாண்டித் தாண்டிப் படிக்காதே. இது உன் அத்தையைப் பற்றிய கடிதம். கூடத்தில் அவளுடைய பழுப்பு நிறப் பெட்டி கட்டிவைத்தபடி இருக்கிறது. வருகிற ஒன்றாம் தேதி இந்த வீட்டை விட்டுப் போகிறேன் என்கிறாள். நீ இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது வந்தவள், இருபத்தாறு வருஷமாக நம்மோடு இருப்பவள். அவள் போவதற்கு நான் ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருக்கிறது, அதை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தால்தான் உனக்கு விளங்கும்.

முதலில் வீட்டுச் சங்கதி. என் இடுப்பு வலி போய்விட்டது. நான் குளியலறையில் வழுக்கி விழுந்த நாளிலிருந்து நீ பயந்துபோயிருக்கிறாய் என்று தெரியும், ரப்பர் பாய் போட்டாயிற்று, சுவரில் கைப்பிடியும் வைத்தாயிற்று. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறேன். சாப்பிடுகிறேனா என்று அத்தையிடம் தனியாகக் கேட்காதே, கேட்டது எனக்குத் தெரியும். இந்த இரண்டு மாதத்தில் நீ மூன்று தரம் வீட்டைப் பற்றி விசாரித்தாய். ஒரு நாள் கூரை ஒழுகுகிறதா என்றாய், ஒரு நாள் பத்திரம் எந்த அலமாரியில் இருக்கிறது என்றாய், போன வாரம் பின்பக்கச் சுவர் எத்தனை அடி என்றாய். ஒழுகாத கூரையைப் பற்றி யாரும் சும்மா கேட்கமாட்டார்கள். நான் பதில் சொன்னேன், குறித்தும் வைத்துக்கொண்டேன். உனக்கு என்னைத் தெரியும். மில் கேட்டில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு இருபத்தொன்பது வருஷம் வெளியே போகிற பெண்களின் பையையும் இடுப்பையும் தடவிப் பார்த்துச் சம்பளம் வாங்கியவள் நான். சாப்பாட்டு டப்பாவின் அடியில் நூல்கண்டு, வயிற்றோடு சுற்றிய துணி, கொண்டைக்குள் ஊசிப் பொட்டலம் என்று எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது, ஸ்டூலை ஞாபகார்த்தமாகக் கொடுத்து அனுப்பினார்கள், பழக்கத்தை அவர்கள் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை.

உன் அப்பா பின்பக்கச் சுவரோரம் வைத்த சிலந்திப்பூ உனக்கு ஞாபகம் இருக்கும், கத்திரிப்பூ நிறத்தில் மூன்றே மூன்று இதழ், நடுவில் மஞ்சள் பொட்டு. நர்சரிக்காரர் அதற்கு ஸ்பைடர்வோர்ட் என்று பேர் சொன்னாராம், உன் அப்பாவின் வாயில் அது நுழையவில்லை, தண்டை ஒடித்தால் சாறு சிலந்தி நூல் மாதிரி இழுபடுகிறதே என்று சிலந்திப்பூ ஆக்கிவிட்டார். அவர் இருந்தவரை அண்ணனும் தங்கையும்தான் அதைப் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேரும் முட்டி போட்டு மண்ணைக் கிளறிக்கொண்டிருப்பார்கள், நான் ஷிப்ட் முடிந்து வந்தால் செருப்பைக் கழற்றுகிற இடத்தில் நின்று ஒரு பார்வை பார்ப்பதோடு சரி. அவர் போன பிறகு இரண்டு வருஷமாக அவள் ஒருத்தியே பார்க்கிறாள். எனக்கு அதைப் பற்றி அ ஆ கூடத் தெரியாது. குளிர்காலத்தில் தரையோடு தரையாக மடிந்து ஒன்றுமில்லாமல் போய்விட்டது, சரி அவரோடு அதுவும் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். குளிர் விட்டதும் சுவரோரம் நீள நீளமாகப் புல் கிளம்பியது. சும்மா இருக்கிறோமே என்று உட்கார்ந்து பிடுங்க ஆரம்பித்தேன், அத்தை ஈரத்தலையோடு ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அண்ணி, அது புல்லு இல்ல, அண்ணன் செடி என்றாள். அதற்குள் ஒரு கைப்பிடி பிடுங்கியிருந்தேன். அவள் அதைத் திரும்ப ஊன்றித் தண்ணீர் விட்டாள், ஒரு வாரத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரி நிமிர்ந்துகொண்டது. இதைக் கொல்றது கஷ்டம் அண்ணி, பாதி நிழலு, கொஞ்சம் ஈரம், அவ்வளவுதான் கேக்கும் என்றாள். மூன்று நான்கு வருஷத்துக்கு ஒரு தரம் தூர், அதாவது வேரோடு சேர்ந்த கொத்து, பெருத்து நெருக்கிக்கொள்ளுமாம், அப்போது மண்வெட்டியால் இரண்டாகப் பிளந்து தனித்தனியாக நட வேண்டுமாம். ஆனால் அதைக் குளிர் விட்டதும் துளிர் வரும் நேரத்தில்தான் செய்யவேண்டும், பூ வந்த பிறகு வேரைத் தொட்டால் செடி சோர்ந்துபோகும் என்றும் அவள்தான் சொன்னாள். இந்தப் பேச்சை ஞாபகத்தில் வைத்துக்கொள். நான் அன்றைக்கே எண்ணிவைத்தேன், பதினான்கு தூர். எண்ணுவது என் வியாதி.

பூக்க ஆரம்பித்ததும் எனக்கு வேலை வந்தது. காலையில் ஏழு மணிக்குப் பார்த்தால் சுவரோரம் முழுக்கப் பூ, அறுபது எழுபது இருக்கும். மத்தியானம் சாப்பிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பார்த்தால் ஒன்றுகூடக் கிடையாது. ஒரு நாள் இல்லை, தினமும். யாரோ பறிக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். பக்கத்து வீட்டுக் கடிகாரக்காரர்மேல்தான் முதல் சந்தேகம். நம் சுவர் மார்பளவுதான், அவர் அந்தப் பக்கம் ஜன்னலோரம் மேஜை போட்டுக்கொண்டு ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டி வாட்ச் ரிப்பேர் செய்கிறார், அந்தக் கண்ணாடியோடேயே எழுந்து வந்து சுவரை எட்டிப் பார்க்கிறார். பூவைப் பார்ப்பதற்குப் பூதக்கண்ணாடி எதற்கு. ஒரு நாள் பொடி வைத்துப் பேசிப் பார்த்தேன், பூவென்றால் யாருக்குத்தான் ஆசை இருக்காது, இல்லையா என்றேன். எனக்குப் பூ ஒத்துக்காதும்மா, தும்மல் வரும் என்றார். இவ்வளவு தெளிவாகப் பதில் சொல்பவர்களை நான் கேட்டில் நிறையப் பார்த்திருக்கிறேன், இவர்தான் என்று உறுதியாயிற்று. மறுநாள் ஸ்டூலைப் போட்டுக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் உட்கார்ந்தேன். பத்து மணி வரை எல்லாம் சரியாக இருந்தது. வெயில் ஏற ஏற ஒவ்வொரு பூவும் தானாகக் குவிந்துகொண்டது, பன்னிரண்டு மணிக்குப் பார்த்தால் பூ இருந்த இடத்தில் நீலமாக ஒரு சொட்டு ஈரம், தொட்டால் விரலில் மை மாதிரி ஒட்டுகிறது. அது அரை நாள் பூ. காலையில் விரிந்து மத்தியானத்துக்குள் கரைந்துபோய்விடும், மறுநாள் அதே கொத்திலிருந்து வேறு மொட்டு விரியும். மேகமூட்டமான நாளில் மட்டும் சாயங்காலம் வரை இருக்கும், அன்றைக்குக் கடிகாரக்காரர் ஊரில் இல்லை போலிருக்கிறது என்று நான் நினைத்திருந்தேன். அத்தையிடம் சொன்னேன், அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கடிகாரக்காரரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன், வாயால் கேட்கவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். கோடை பாதி ஆனதும் பூ ஓய்ந்தது, இலையெல்லாம் சாய்ந்து அலங்கோலமாகக் கிடந்தது. அத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போய் வரிசை முழுவதையும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு வெட்டிச் சாய்த்துவிட்டாள். எதற்காக இந்தக் கொலை என்றேன், இப்படி வெட்டினால்தான் புது இலை விட்டு இன்னொரு சுற்றுப் பூக்கும் என்றாள். அவள் வெட்டியதில் எனக்கு ஒரு உபகாரம் ஆனது. அதுவரை இலை அடர்த்தியில் தெரியாதது இப்போது தெரிந்தது. எண்ணினேன், பதினொன்று. மறுபடி எண்ணினேன், பதினொன்றுதான். மூன்று இடத்தில் மண் புதிதாக இருந்தது, கையால் தட்டிச் சமன் செய்து மேலே சருகு போட்டிருந்தார்கள். வெளியாள் திருடினால் பள்ளத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடுவான், இவ்வளவு பாசமாக மூடமாட்டான். இன்னொன்று, பூ வந்த பிறகு வேரைத் தொடக்கூடாது என்பது செடி தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் இந்த நேரத்தில் தோண்டியிருக்கிறார்கள் என்றால் அவர்களுக்கு அடுத்த குளிர் முடியும்வரை காத்திருக்க முடியவில்லை என்று அர்த்தம். கேட்டில் நான் கற்றது ஒன்று, அவசரப்படுகிறவர்களைத்தான் நிறுத்திப் பார்க்கவேண்டும்.

யார் என்று உனக்குப் புரிந்திருக்கும், எனக்கும் புரிந்தது, ஆனாலும் நேராகக் கேட்க மனம் வரவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். நான் என்ன செய்தேன் தெரியுமா, தையல் நூலை எடுத்து ஒவ்வொரு தூருக்கும் அடியில் சுற்றி முடிச்சுப் போட்டுவைத்தேன். நான்காம் நாள் மூலையில் இருந்த தூர் பாதியாகியிருந்தது, அறுந்த நூலைத் திரும்பக் கட்டியும் வைத்திருந்தார்கள், ஆனால் என் முடிச்சு இல்லை. ஆஸ்பத்திரியில் கட்டுத்துணிக்குப் போடுகிற தட்டை முடிச்சு. உன் அத்தை காலையில் நாலு மணி நேரம் ஆஸ்பத்திரியில் பஞ்சும் கட்டுத்துணியும் மடிக்கப் போகிறாள் என்பது உனக்குத் தெரியும், இந்த வீட்டில் அந்த முடிச்சு வேறு யாருக்கு வரும். அவள் நகக்கண்ணில் மண் இருந்தது, சாப்பாட்டுப் பை வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது, திரும்பி வரும்போது லேசாக இருந்தது. அதே வாரத்தில் ஒரு ஆள் வந்து வாசலிலும் பின்பக்கத்திலும் டேப் பிடித்து அளந்துவிட்டு இரண்டு போட்டோ எடுத்துக்கொண்டு போனான். குளியலறை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு நான் வெளியே வருவதற்குள் அத்தை அவனை அனுப்பிவிட்டாள், யார் என்று கேட்டதற்குத் தண்ணி மீட்டர் பாக்க வந்தவர் அண்ணி என்றாள். மீட்டர் பார்க்கிறவரை எனக்குத் தெரியும், அவருக்கு டேப் எதற்கு. அவள் மென்று விழுங்கிப் பேசியதில் எனக்குப் பொறி தட்டியது. இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக அவள் என்னிடம் பொய் சொன்னாள். செடியை யாருக்கோ விற்கிறாள், அந்த ஆளும் கூட்டு என்று நான் நினைத்தேன். என் புத்தி போனது அந்த மட்டும்தான்.

இனி எழுதுவதை எழுதக் கை கூசுகிறது, இருந்தாலும் எழுதுகிறேன், நீ தெரிந்துகொள்ளவேண்டும். செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு ஸ்டூலை எடுத்துக்கொண்டு போய் வாசல் கேட்டுக்கு அருகில் போட்டு உட்கார்ந்தேன். அத்தை செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். பையைக் காட்டு என்றேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்து ஒரு கணம் சிரித்தாள், என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. பையைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தூக்கிக்கொண்டு நின்றாள். மில்லில் பெண்கள் எப்படி நிற்பார்கள் என்று நான் சாப்பிடும்போது நடித்துக் காட்டுவேனே, நீகூடச் சிரிப்பாயே, அப்படியே நின்றாள். நான் அப்போதாவது எழுந்து உள்ளே போயிருக்கவேண்டும். என் கை தன் பாட்டுக்குப் போய்விட்டது கண்ணு. தோளில் ஆரம்பித்து இடுப்புவரை தடவிப் பார்த்துவிட்டேன். அறுபது வயதுப் பெண்ணை, உன் அப்பாவின் தங்கையை, அவள் அண்ணன் கட்டிய வீட்டு வாசலில். பிறகு பையைப் பிரித்தேன், ஈரச் செய்தித்தாளில் சுற்றி மூலைத் தூரின் மீதிப் பாதி இருந்தது. கையும் களவுமாகப் பிடித்தேன் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது, அதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. கடிகாரக்காரர் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார், கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அத்தை கையைக் கீழே இறக்கினாள், முடிஞ்சுதா அண்ணி, பஸ் வந்துடும் என்றாள். செடியை எடுக்காமல் வெறும் பையோடு போனாள்.

வெட்கப்பட்டிருக்கவேண்டியவள் நான் என்ன செய்தேன், அடுத்த பஸ்ஸில் அவள் பின்னாலேயே போனேன். யாரிடம் விற்கிறாள் என்று பார்க்க. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, குழாய் சொட்டி எப்போதும் ஈரமாக இருக்கும் இடம், அங்கே நிழலில் நம் சிலந்திப்பூ ஒரு தூர் செழிப்பாக நின்றுகொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளிக் கட்டுத்துணி கழுவித் தொங்கவிடும் இடத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று. இரண்டிலும் மாத்திரை அட்டையின் பின்பக்கத்தில் அவள் எழுதி ஒரு குச்சியில் குத்திவைத்திருந்தாள், இது புல் இல்லை, பிடுங்க வேண்டாம், பூக்கும் என்று. எனக்குச் சொன்னதையே எழுதியிருக்கிறாள். நான் அங்கே குனிந்து பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்துச் சீட்டு எழுதுகிற பெண் வந்தாள், நான் யாரென்று அவளுக்குத் தெரியாது. அந்த அக்கா வச்சதும்மா, அவங்க வீட்ட விக்கப் போறாங்களாம், வாங்கறவங்க சிமென்ட் போட்டுருவாங்களாம், அதான் அவங்க அண்ணன் வச்ச செடியக் கொஞ்சம் கொஞ்சமாக் கொண்டுவந்து காப்பாத்தறாங்க, பள்ளிக்கூட வேலியோரம்கூட ரெண்டு வச்சிருக்காங்க, பாவம் என்றாள். ஆடிப்போய்விட்டேன். என் வீடு விற்கப்படுகிறது என்ற சங்கதியைச் சீட்டு எழுதுகிற பெண் சொல்லி நான் தெரிந்துகொண்டேன். அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. தொட்டியின் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன், வாசலில் கிடந்த அந்தத் தூரை எடுத்து அதன் இடத்திலேயே ஊன்றித் தண்ணீர் விட்டேன்.

அன்று சாயங்காலம் அத்தையிடம் நேராகக் கேட்டேன், வீட்டை யார் விற்கிறார்கள் என்று. முதலில் பேச்சை மாற்றினாள். உன்னை மாட்டிவிடக்கூடாது என்று பார்த்தாள், அதை நீ தெரிந்துகொள். அப்புறம் நானே உன் பேரைச் சொன்னதும் தலையை ஆட்டினாள். நான் விழுந்த மறுவாரமே நீ அவளை அவளுடைய போனில் கூப்பிட்டிருக்கிறாய். அம்மாவை என்னோடு வைத்துக்கொள்கிறேன், எங்கள் வீட்டில் ஒரு அறைதான் அதிகமாக இருக்கிறது, உங்களுக்கு நல்ல முதியோர் இல்லமாகப் பார்க்கிறேன் அத்தை, நீங்கள் போவதாக முதலில் சொல்லிவிட்டால் அம்மா தானாக வழிக்கு வருவாள், இப்போதைக்கு அம்மாவுக்குத் தெரியவேண்டாம் என்று சொல்லியிருக்கிறாய். அவளும் சரி கண்ணு என்று சொல்லிவிட்டாள். டேப் பிடித்தவன் நீ அனுப்பிய ஆள். என் வாயை மூன்று தரம் பிடுங்கிவிட்டு எனக்குத் தெரியாமல் என் காதில் பூச்சுற்றியிருக்கிறாய். உன் பயம் பொய் என்று நான் சொல்லவில்லை. அம்மா தனியாக விழுந்து கிடந்தால் என்ன ஆகும் என்று நீ அங்கே தூக்கம் கெட்டுத் தவித்திருப்பாய், அது எனக்கு விளங்குகிறது, உன்மேல் பாசம் குறையவும் இல்லை. ஆனால் அன்றைக்கு நான் தனியாக விழவில்லை. கதவை உடைத்து உள்ளே வந்து என்னைத் தூக்கியவள் அவள். அதை நீ கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. உன் குறுக்குப் புத்தி எங்கிருந்து வந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும், நேரே கேட்காமல் நூல் கட்டிப் பார்க்கிறவளின் மகள்தானே நீ.

அன்றைக்கே அவள் பெட்டியைக் கட்டிவிட்டாள். எப்படியும் போகவேண்டியவள்தானே, கொஞ்சம் முன்னால் போகிறேன் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, பஸ் நேரத்தைச் சொல்கிற மாதிரி சொன்னாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மூன்று நாள் அவள் சமைத்ததை அவள் வைத்தாள், நான் சாப்பிட்டேன், இரண்டு பேரும் பேசவில்லை. நேற்றுக் காலையில் என்னால் முடியவில்லை. அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள், போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தப்புப் பண்ணிட்டேன், போகாதே என்றேன். இத்தனை வருஷம் வெளியே போகிறவர்களை நிறுத்தியிருக்கிறேன், போகாதே என்று யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லை, குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. அவள் அழுதாள், நானும் அழுதேன். பிறகு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு எழுத்துக்கூட நான் சேர்க்கவில்லை. நீங்க பையப் பாத்தது எனக்கு வருத்தம்தான் அண்ணி, ஆனா அது உங்க பழக்கம், அத நான் மறந்துடுவேன். நான் இல்லத்துக்குப் போறேன்னு சொன்னதும் பாப்பா போன்ல அப்பாடான்னா. அது வாய் தவறி வந்ததுதான், எனக்குத் தெரியும், அது சின்ன வயசுல என் மடியில தூங்கின குழந்தை, கெட்ட எண்ணம் கிடையாது. ஆனா அந்த அப்பாடா மட்டும் காதுல இருந்து போகமாட்டேங்குது. உங்களுக்குப் போக இஷ்டமா அத்தைன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் இஷ்டந்தான்னு பொய்யாவது சொல்லியிருப்பேன். இதுதான் அவள் சொன்னது.

அதனால் இப்போது நான் சொல்வதைக் கேள். பத்திரத்தில் உன் கையெழுத்தும் வேண்டும், என் கையெழுத்தும் வேண்டும். என்னுடையது இப்போதைக்குக் கிடைக்காது. நாங்கள் இரண்டு பேரும் நடக்க முடியாமல் போகிற காலம் வரத்தான் போகிறது, அது வரும்போது என்ன செய்வது என்று மூன்று பேரும் உட்கார்ந்து பேசுவோம். எங்கே போனாலும் இரண்டு பேரும் சேர்ந்து போவோம், ஒருத்திக்குத்தான் இடம் என்றால் ஒருத்தியும் வரமாட்டோம். இதில் உன்னோடு பேரம் கிடையாது. அத்தை போகமாட்டேன் என்று இன்னும் வாயால் சொல்லவில்லை, பெட்டி கட்டியபடியேதான் இருக்கிறது, அதை நான் பிரித்துத் துணியை எடுத்து அலமாரியில் வைத்தால் மறுபடி கட்டிவிடுவாள், எனக்குத் தெரியும், அது என் கையால் பிரிக்கிற பெட்டி இல்லை. நீ பிரிக்கவேண்டியது. ஒன்றாம் தேதிக்கு முன்னால் கூப்பிடு. அவளுடைய போனுக்குக் கூப்பிடாதே, கூடத்துப் போனுக்குக் கூப்பிடு, காலையில் அவள் கிளம்புவதற்கு முன்னால், நானும் பக்கத்தில் இருக்கும்போது. அத்தைக்குப் போக இஷ்டமா என்று கேள். கேட்டுவிட்டு, அவள் பதில் சொல்கிறவரை வாயைத் திறக்காமல் காத்திரு, எவ்வளவு நேரமானாலும் சரி. சிக்னல் இல்லை என்று மட்டும் சொல்லாதே.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல், இதில் அவருக்கும் பங்கு உண்டா என்று நான் கேட்கப்போவதில்லை, சந்தேகம் மட்டும் இருக்கிறது. அந்த ஊர்க் குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. நேரத்துக்குச் சாப்பிடு. இரண்டு பேரும் நோய் நொடியில்லாமல் நீடூழி நன்றாக இருக்கவேண்டும், நீ எடுத்த காரியமெல்லாம் நேர் வழியில் கைகூட வேண்டும் என்று உன் அம்மா மனதார வாழ்த்துகிறேன். இதைக் கூரியரில் அனுப்புகிறேன், ஐந்து நாளில் வந்துவிடும் என்று கூரியர்காரர் சத்தியம் பண்ணினார், ஒரு நாள் கூட்டியே வைத்துக்கொண்டேன். கிடைத்த அன்றே கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அம்மா.

அத்தையையும் கையெழுத்துப் போடச் சொன்னேன். பேனாவை வாங்கி, நீ கூப்பிட்டுப் பேசின பிறகு போடுகிறேன் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.